ஜெசி ஏன் கடித்தாள்

எங்கள் பக்கத்துக் கிளினிக்கில் இப்போது மாதத்தில் ஒரு காலை வேளையைப் பிள்ளைகளின் குழப்படிக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். நிறை பார்க்கவோ ஊசி போடவோ அல்ல. பிள்ளை சொல்வழி கேட்பதில்லை, நித்திரை கொள்வதில்லை, மற்றப் பிள்ளைகளுக்கு அடிக்கிறது, நுள்ளுகிறது என்று எந்தத் தாயும் வந்து இருந்து கதைக்கலாம். கேட்பதற்கு ஆள் இருக்கிறது. அந்த வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு இளம் பெண்பிள்ளைகள் போன மாதம் என் வீடு தேடி வந்தார்கள்.

"அன்ரி, உங்கட காலத்தில இதை எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்கட காலத்தில இதுக்கு ஒரு கதிரையும் இல்லை பிள்ளை. சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு வேலிக்கரையில நிண்டு கதைச்சதுதான்" என்றேன்.

பிறகு ஜெசியின் கதையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது மூன்று பேருடைய தேத்தண்ணியும் ஆறிப் போயிருந்தது. இதை எழுதித் தாருங்கோ என்று இருவரும் ஒரே பிடியாக நின்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் மன்னாரில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அந்தப் பதவிப் பெயரைச் சொல்லி என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. கரையிலும் வயலிலும் நான் பிலோமினா மிஸ்ஸி. கர்ப்பிணித் தாயைப் பதிவதிலிருந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. படித்தோம், பயந்தோம், விடுதிச் சாப்பாட்டைத் திட்டினோம், சோதனை பாஸ் பண்ணினோம். எனக்கு வேலை படிப்பித்த இடம் அடம்பன் என்ற வயலூர்.

அடம்பனில் இருந்தபோது கட்டுக்கரைக் குளத்து வயல்களில் கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களுடைய மூத்த பொடியன் சசி, ஊரிலேயே பேர்போன அடங்காப்பிடாரி. "கூப்புட்டா திரும்பியே பாக்க மாட்டேங்கிறான் மிஸ்ஸி. அடிச்சாத்தான் பாக்குறான்" என்று தகப்பன் என்னிடம் வருத்தப்பட்டுச் சொன்னார். அன்றைக்கு நான் சின்னவளுக்கு நிறை பார்க்கப் போயிருந்தேன். சசி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டிலின் சில்லை உருட்டிக்கொண்டிருந்தான். நான் பைக்குள் இருந்த திரிபோஷாச் சத்துமாப் பையைச் சரசரவென்று கசக்கினேன். கையில் இருந்த குழந்தை உடனே திரும்பிப் பார்த்தது. வாசலில் படுத்திருந்த நாயும் தலையைத் தூக்கியது. சசி திரும்பவில்லை. கிட்டப் போனபோது அவனுடைய காதிலிருந்து சீழ் மணம் வந்தது.

மன்னார் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மருந்து, துளி, பிறகு ஒரு சின்னச் சத்திரசிகிச்சை. எல்லாம் முடிந்து மாரி தொடங்கிய நேரம் நான் அந்த வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் சசி ஓடி வந்து முறைப்பாடு வைத்தான்.

"மிஸ்ஸி, இந்தத் தவளை எல்லாம் ஏன் இப்புடிக் கத்துது? தூங்கவே முடியல."

தகப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். சொல்வழி கேளாத பிள்ளைக்குச் சொல்லே கேட்கவில்லை என்பது அன்றைக்கு எனக்குள் ஆழமாகப் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு பிள்ளையைக் குழப்படி என்று யாராவது சொன்னால், அந்தப் பிள்ளைக்கு எங்கே நோகிறது, என்ன குறைகிறது என்று பார்க்காமல் நான் வீட்டைவிட்டு வெளிக்கிட்டதில்லை.

நாட்டில் சண்டை முடிந்து, இடம்பெயர்ந்த சனங்கள் திரும்பி வந்த பிறகு என்னை மன்னார்த் தீவுப் பக்கத்துக்கு மாற்றினார்கள். பேசாலைக்கு அங்கால் ஒரு கடற்கரைக் குடியிருப்பு என் பொறுப்பில் வந்தது. சைக்கிள் போய் ஸ்கூட்டி வந்தது. சில வருஷங்கள் கழித்து எங்கள் சுகாதார வைத்திய அதிகாரியாக டொக்டர் சிவகலா வந்தா.

டொக்டர் சிவகலாவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. என்னைவிட வயதில் எவ்வளவோ இளையவ. மட்டக்களப்புப் பிள்ளை. வந்த முதல் நாளே "மறுகா" என்று ஆரம்பித்தா. அவர்களுடைய ஊரில் "பிறகு" என்பதற்கு அதுதான் சொல். எங்கள் கந்தோரில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவ கோபிக்கவில்லை. அடுத்த நாள் வந்து, "நீங்க 'வாறன் போறன்' எண்டு சொல்லக்க நான் ராத்திரி எல்லாம் சிரிச்சிக்கிடந்த" என்று சொல்லி எங்களைவிடப் பலமாகச் சிரித்தா. அந்தச் சிரிப்பு கந்தோரைத் தாண்டி வெளியே மருந்துக்கு நிற்கும் வரிசை வரைக்கும் கேட்கும்.

வீடு பார்க்கப் போனால் அவவுக்கென்று ஒரு முறை இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருப்பா. கதிரை கொண்டு வந்தாலும் இருக்கமாட்டா. பிள்ளையைக் கூப்பிடமாட்டா, பேர் கேட்கமாட்டா, வாயைத் திற என்று சொல்லமாட்டா. பிள்ளை தானாக வரும் வரைக்கும் பிள்ளை அங்கே இல்லாதது போலவே இருப்பா. "பிள்ளைக்கு என்ன பிரச்சினை" என்றும் தாயிடம் கேட்பதில்லை. "நேத்துக் காலம்பிற எழும்பினதில இருந்து சொல்லுங்க" என்பா. தாய் சொல்லிக்கொண்டு போக, இடையில் நின்றால் ஒரு "மறுகா?" போடுவா. திரும்பவும் கதை ஓடும். எங்கே நித்திரை, என்ன சாப்பாடு, எந்தத் தண்ணி, ஆருடன் விளையாட்டு என்று எல்லாம் அந்த மறுகாவுக்குள் வந்து விழும். கதை முடிந்ததும் எழும்பி நடக்கமாட்டா. குந்தினபடியே வீட்டைச் சுற்றி நகருவா. பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்திலிருந்து பார்க்கவேண்டுமாம். முதல் தடவை அதைப் பார்த்த ஒரு தாய், இடுப்புப் பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்து என் காதுக்குள், "டொக்டருக்கு நாரி பிடிச்சிட்டுதோ மிஸ்ஸி?" என்று கேட்டாள்.

ஜெசியின் பிரச்சினை அவ வந்த வருஷம்தான் வெடித்தது.

ஜெசியின் தகப்பன் ஜெராட் கடற்தொழிலாளி. தாய் ரஞ்சினி சின்ன வயதில் இந்தியாவுக்குப் போய், தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, திரும்பி வந்தவள். அவளுடைய பேச்சில் அந்தப் பக்கத்து வாடை இன்னும் போகவில்லை. ஜெசி அவர்களுடைய முதல் பிள்ளை. பிறந்ததிலிருந்து நான் பார்த்து வந்தவள். நல்ல நிறையோடு பிறந்து, நேரத்துக்குச் சிரித்து, நேரத்துக்கு எழும்பி இருந்த பிள்ளை. நடக்கத் தொடங்கியதன் பிறகு மெல்ல மெல்ல மாறினாள். சோறு இறங்காது. அடிக்கடி வயிற்றுக்குத்து என்று சுருண்டு படுப்பாள். எழும்பினால் ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் கடிக்கத் தொடங்கினாள்.

சும்மா கடி அல்ல. ஆரும் பொம்மையைப் பறித்தால் கடி. கிட்ட வந்து இருந்தால் கடி. முன்பள்ளி ரீச்சர் யூஜினி நல்ல பொறுமைசாலி. அவளே ஒரு நாள் என்னை றோட்டில் மறித்து அழுதாள்.

"மிஸ்ஸி, தாய்மார் எல்லாரும் ஒண்டா வந்து சொல்லிப்போட்டினம். ஜெசி வந்தால் தங்கட பிள்ளையளை அனுப்பமாட்டினமாம். நான் என்ன செய்யிறது? அவளும் என்ர பிள்ளைதானே."

ஊர் ஒவ்வொரு காரணம் சொன்னது. தாய் முகாமில் வளர்ந்தவள், வளர்க்கத் தெரியாது என்றார்கள். கண்ணூறு என்றார்கள். கோயிலுக்கு நேர்த்தி வைக்கச் சொன்னார்கள். ரஞ்சினி அதையும் செய்தாள். அப்போது அவள் இரண்டாவது பிள்ளைக்குக் கர்ப்பம். கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்க்க நான் கையைப் பிடித்தபோது மெதுவாகச் சொன்னாள்:

"மிஸ்ஸி, நான் பிள்ளையை அடிச்சே பழகிட்டேங்க. அடிச்சிட்டு நானே அழுவுறேன். இன்னொன்னு வேற வருது. அதுவும் இப்படியே ஆயிடுமோன்னு பயமா இருக்குங்க."

அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளிறியிருந்தது. பக்கத்தில் நின்ற ஜெசியின் இமையும் அப்படித்தான். நான் நேரே டொக்டரின் மேசைக்குப் போனேன்.

"டொக்டர், ஒரு பிள்ளையைப் பாக்கவேணும். கிளினிக்கில இல்லை, வீட்டில."

"கடிக்கிற புள்ளதானே? நானும் கேள்விப்பட்ட. நாளைக்கே போவம் அக்கா" என்றா.

அடுத்த நாள் காலை போனோம். ஜெராட் கடலால் வந்து வலை பிரித்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் முகம் இறுகியது. வீட்டுக்கு டொக்டர் வருவது அயலுக்குள் என்ன கதையாகும் என்று அவனுக்குத் தெரியும். ரஞ்சினி ஓடிப் போய்க் கதிரை கொண்டு வந்தாள். டொக்டர் வழமைபோல நிலத்தில் இருந்தா.

"நேத்துக் காலம்பிற எழும்பினதில இருந்து சொல்லுங்க தங்கச்சி."

ரஞ்சினி சொல்லத் தொடங்கினாள். ஜெசி கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்தாள். பிறகு டொக்டரின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். டொக்டர் திரும்பவில்லை. ஜெசியின் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. தோடம்பழ இனிப்பு வைத்திருக்கிறாளாக்கும் என்று நான் நினைத்தேன். அவள் டொக்டரின் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கும் ஒன்றும் சொல்லாததைக் கண்டு, முன்னால் வந்து, வாயிலிருந்ததை எடுத்து டொக்டரின் உள்ளங்கையில் வைத்தாள்.

இனிப்பு அல்ல. வலையின் அடிக் கயிற்றில் கட்டுகிற ஈயக்குண்டு. சாம்பல் நிறத்தில் ஈரமாகப் பளபளத்தது. அதில் சின்னச் சின்னப் பல் அடையாளங்கள்.

"இது ஆர்ர?" என்று டொக்டர் முதல் தடவையாக ஜெசியிடம் பேசினா.

"என்ர. கடிச்சால் பல்லுப் பதியும். பாருங்கோ."

"ஓம், பதிஞ்சிருக்கு. வடிவா இருக்கு. இன்னும் வச்சிருக்கிறீங்களா?"

ஜெசி உள்ளே ஓடிப்போய் ஒரு சிரட்டை நிறையக் கொண்டு வந்தாள். எல்லாவற்றிலும் பல் அடையாளம். டொக்டர் என்னைப் பார்த்தா. நான் ஜெராட்டைப் பார்த்தேன்.

"தம்பி, இந்தக் குண்டு எல்லாம் எங்கயிருந்து வருது?"

"நான்தான் உருக்கி வாக்கிறன் மிஸ்ஸி" என்றான். குரலில் கொஞ்சம் பெருமை. "இந்தக் கரையில ஆருக்கு ஈயம் வேணுமெண்டாலும் என்னட்டத்தான் வருவினம்."

"எங்க வச்சு உருக்கிறனீங்கள்?"

"குசினிக்குப் பின்பக்கம்."

டொக்டர் மெதுவாகச் சொன்னா, ஈயம் சின்னப் பிள்ளைகளின் உடம்புக்குள் போனால் இரத்தத்தையும் மூளையையும் தாக்கும், பசியைக் கெடுக்கும், வயிற்றுக்குத்து வரும், பிள்ளையை அமைதியாக இருக்க விடாது என்று. ஜெராட் வலையைக் கீழே போட்டான்.

"டொக்டர், இது என்ர அப்பர் செய்த வேலை. நான் இந்த அடுப்படியிலதான் வளந்தனான். நான் என்ன கெட்டா போனனான்? பிள்ளை குழப்படி எண்டால் அதுக்கு என்ர தொழிலில பழி போடாதேங்கோ."

நான் வாய் திறக்கப் போனேன். டொக்டர் என் முழங்காலில் கை வைத்தா.

"நான் பழி போட வரல்ல அண்ணன். உங்கட வேலைய எனக்கு ஒருக்காக் காட்டுவீங்களா? நெருப்பு மூட்ட வேணாம். எப்படி வாக்கிற எண்டு சும்மா காட்டுங்க."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு எழும்பினான். எல்லாரும் பின்னால் போனோம். டொக்டர் குந்தினபடியே நகர்ந்து வந்தா. ஜெசியும் சிரித்துக்கொண்டு அவவைப் போலக் குந்தி நகர்ந்து வந்தாள்.

ஜெராட் காட்டத் தொடங்கியதும் அவனுடைய கோபம் எங்கேயோ போய்விட்டது. பழைய பற்றரித் தகடு, பிய்ந்த வலையில் கழற்றிய ஈயம், துண்டுக் குழாய் எல்லாவற்றையும் ஒரு இரும்புத் தாச்சியில் போட்டு உருக்குவது. மேலே மிதக்கும் அழுக்கை அகப்பையால் வழித்து எடுப்பது. அது தெளிந்து கண்ணாடி போல மினுங்கும்போது மண் அச்சுக்குள் கை நடுங்காமல் வார்ப்பது. நல்ல தொழிலாளி. பார்க்கவே ஆசையாக இருந்தது.

"அந்த வழிச்ச அழுக்க என்ன செய்யிற?" என்று டொக்டர் கேட்டா.

"அந்தா, அதில தட்டுவன்."

அவன் கை காட்டிய இடத்தில் மணல் கறுத்துக் கிடந்தது. அதன் நடுவில் சிரட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. தகர மூடி, ஈர்க்குக் கரண்டி, மூன்று கல்லு வைத்த அடுப்பு.

"அதுதான் என்ர குசினி!" என்று ஜெசி கத்தினாள். ஓடிப் போய் ஒரு சிரட்டையில் அந்தச் சாம்பல் மணலை அள்ளினாள். "டொக்டர், சோறு. அப்பாக்கும் சோறு." தகப்பனுக்கு முன்னால் சிரட்டையை நீட்டினாள். அவன் வாங்காமல் நிற்கவே, "நல்ல சோறப்பா, பாருங்கோ" என்று ஒரு கிள்ளு எடுத்துத் தன் வாயில் போட்டாள்.

ஜெராட் பிள்ளையைத் தூக்கினான். தன் சாரத்தின் தலைப்பால் அவளுடைய நாக்கைத் துடைத்தான். திரும்பத் திரும்பத் துடைத்தான். ஜெசி விளையாட்டென்று நினைத்து அவன் விரலைக் கடித்துவிட்டுச் சிரித்தாள். அவன் விரலை இழுக்கவில்லை.

"என்ன செய்யவேணும் டொக்டர்?" என்றான்.

"முதல்ல இரத்தம் பாப்பம். கண்ணால பாத்து ஒண்டும் சொல்ல ஏலா. ஈயம்தான் முழுக் காரணம் எண்டும் நான் சொல்லமாட்டன். சில புள்ளைகள் பிறவியிலயே துடியாட்டம். ஆனா இதக் கூட்டி விடுற சாமான் ஒண்டு வீட்டுக்குள்ள கிடந்தா, அத எடுத்து வெளிய வைக்கலாம்தானே."

அன்றைக்கே அந்தக் கறுத்த மணலை நனைத்து, தூசி பறக்காமல் வழித்து எடுத்தார்கள். எங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, வீடும் கிணறும் இல்லாத ஒரு இடத்தைக் காட்டி ஆழமாகப் புதைக்கச் சொன்னார். ஜெராட்டின் தோழர்கள் கடற்கரையிலிருந்து வெள்ளை மணல் கொண்டு வந்து கொட்டினார்கள். வீட்டை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைக்க ரஞ்சினிக்கு நான் காட்டினேன். பாய், தலையணை எல்லாம் கழுவினோம். ஜெசியின் சிரட்டைக் குண்டுகளை வாங்குவதுதான் பெரும்பாடு. கடைசியில் டொக்டர் தன்னுடைய ஸ்டெதஸ்கோப்பை ஒரு காலை முழுவதும் இரவல் கொடுத்து அவற்றை வாங்கினா. ஊரிலுள்ள கோழி, ஆடு, நாய் எல்லாவற்றுக்கும் அன்றைக்கு நெஞ்சு சோதித்தாகிவிட்டது.

இரத்தம் எடுப்பதுதான் எனக்குப் பயம். கடிக்கிற பிள்ளையின் கையில் ஊசி ஏற்ற வேண்டுமே. ஜெராட் கிளினிக்குக்கு வந்து, கேட்காமலே தன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான். "முதல்ல எனக்கு எடுங்கோ. அவள் பாக்கட்டும்." சுறாவுக்கே பயப்படாத அந்தக் கடற்தொழிலாளி, ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மாதாவே என்றான். ஜெசிக்கு அதைப் பார்க்கத் தாங்கமுடியாத சந்தோஷம். "அப்பா பயந்தான்கொள்ளி!" என்று சொல்லிக்கொண்டே தன் கையை நீட்டினாள். ஊசி ஏறியதும் கத்தினாள்தான். ஆனால் ஒருவரையும் கடிக்கவில்லை. ரஞ்சினியின் இரத்தமும் அயல் பிள்ளைகளின் இரத்தமும் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினோம்.

மறுமொழி வரச் சுணங்கியது. அதற்குள் கரையில் இன்னொரு பிரச்சினை கிளம்பியது. ஈயம் இல்லாமல் வலை தாழாது; வலை தாழாமல் மீன் இல்லை. "டொக்டர் பேச்சைக் கேட்டு ஜெராட் அடுப்பை அணைச்சிட்டான், இனி நாங்கள் எங்க போறது?" என்று மீனவர் தங்கும் கொட்டிலான வாடியில் ஒரு கூட்டம் கூடியது. டொக்டரும் நானும் போனோம். எங்களுக்குப் பேச வேண்டி வரவேயில்லை. ஜெராட்தான் எழும்பினான்.

"நான் வாக்கமாட்டன் எண்டு சொல்லேல்லை. வீட்டில வாக்கமாட்டன் எண்டு சொல்லுறன். கடைசி வாடிக்கு அங்கால, பிள்ளையள் வராத இடத்தில ஒரு கொட்டில் போட்டுத் தாருங்கோ. அங்க வாக்கிறன். பற்றரித் தகடு கொண்டு வராதேங்கோ. அதைத் தொடமாட்டன். வேலை முடிய உடுப்பை அங்கயே மாத்தி, குளிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வருவன். என்ர பிள்ளை மண்ணைத் திண்டதைக் கண்ணால பாத்தனான். உங்கட பிள்ளையள் என்ன திண்ணுதுகள் எண்டு வீட்டை போய்க் குந்தியிருந்து பாருங்கோ."

கொஞ்ச நேரம் சலசலத்தார்கள். பிறகு ஒரு கிழவர், "கொட்டிலுக்கு என்ர பழைய கிடுகு கிடக்கு" என்றார். அத்தோடு விஷயம் முடிந்தது. அந்தக் கிழமையே கொட்டில் எழும்பிவிட்டது. பின்னேரங்களில் ஆண்கள் தங்கள் வீட்டு முற்றங்களில் குந்திக்கொண்டு நகர்ந்ததைப் பார்த்து அவர்களுடைய மனைவிமார் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது.

மறுமொழி வந்தது. ஜெசியின் இரத்தத்தில் ஈயம் அதிகம். ஆஸ்பத்திரியில் நிறுத்தி மருந்து ஏற்ற வேண்டிய அளவு இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடிய அளவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கும் கொஞ்சம் இருந்தது. ரஞ்சினிக்கு இருந்தது குறைவு. வயிற்றில் இருந்த பிள்ளைக்காக அவளைக் கூடக் கவனித்தோம். இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினா. அதனால் ஜெசிக்கு இரும்புச்சத்து மருந்துப் பாணி, முட்டை, நெத்தலி, முருங்கையிலை. வெறுவயிற்றோடு விளையாட விடக்கூடாது. சாப்பிட முதல் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். இவ்வளவுதான் வைத்தியம். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை.

மாற்றமும் மந்திரம் போல வரவில்லை. முதலில் வயிற்றுக்குத்து நின்றது. பிறகு பசி வந்தது. "மிஸ்ஸி, இன்னிக்கி ரெண்டாவது தடவை சோறு கேட்டாளுங்க" என்று ரஞ்சினி எனக்குப் போன் எடுத்துச் சொன்னாள்; அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு நித்திரை சீரானது. அடி வாங்காத நாட்கள் கூடின. யூஜினி ரீச்சர் தாய்மாரைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு இது நோய், கெட்ட குணம் இல்லை என்று விளங்கப்படுத்தி, ஜெசியைத் திரும்பச் சேர்த்தாள். கெட்டிக்காரி அவள். ஜெசிக்கு மணி அடிக்கிற வேலையைக் கொடுத்தாள். விளையாட்டு முடியவும் வீட்டுக்குப் போகவும் மணி அடிப்பவள் ஜெசி. மற்றப் பிள்ளைகள் அவளோடு ஒட்டத் தொடங்கினார்கள். இடையில் ஒருமுறை ஒரு பிள்ளையைக் கடித்தாள்தான். பிறகு தானே போய் அந்த இடத்தில் ஊதிவிட்டாளாம்.

திரும்ப எடுத்த இரத்தத்தில் ஈயம் நன்றாக இறங்கியிருந்தது. தம்பிக்காரனும் பிறந்தான். குண்டுப் பையன். என் தராசில் அவனை வைத்தபோது ஜெராட் என் தோளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தான். "மிஸ்ஸி, இவன் வடிவாப் பால் குடிக்கிறானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ரஞ்சினி கட்டிலில் சாய்ந்தபடி, "ரெண்டு பேரையும் இனி அடிக்க மாட்டேங்க" என்றாள். நான் கேட்காமலே சொன்னாள்.

பிள்ளைகளுடைய குணம் என்று நாங்கள் பெயர் வைப்பதில் எவ்வளவோ விஷயம் அடங்கியிருக்கிறது. கேட்காத காது, வெளிறிய இரத்தம், குசினிப் புகை, விளையாடும் மணல், தாயின் களைப்பு. எல்லாவற்றையும் திருத்த எங்களால் முடியாது. எல்லாப் பிள்ளையும் ஜெசி போலத் திரும்பி வருவதும் இல்லை. திரும்பாத பிள்ளைகளையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய தாய்மாருக்குச் சாய ஒரு தோள் வேண்டும். அதுவும் எங்கள் வேலைதான். ஆனால் திருத்தக்கூடிய ஒன்று கண்ணுக்கு முன்னால் கிடக்கும்போது, அதைக் கண்டுபிடிப்பதைப் போல ஒரு சந்தோஷம் இந்த உத்தியோகத்தில் வேறு இல்லை.

அந்த வருஷக் கடைசியில் முன்பள்ளிக் கலைவிழா. கோயில் வளவில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஊர் முழுக்கத் திரண்டிருந்தது. டொக்டரும் நானும் முன் வரிசையில். காகமும் நரியும் நாடகம். யூஜினி ரீச்சர் ஜெசிக்குக் கொடுத்த வேஷம் பனைமரம். தலையைச் சுற்றி வடலி ஓலை கட்டி, மேடையின் நடுவில் நிறுத்தியிருந்தாள். ஒரு இடத்தில் நிற்காத பிள்ளைக்கு மர வேஷமா?

காகம் வந்து வடையோடு மரத்தடியில் நின்றது. ஜெசி நின்றாள். நரி வந்து சுற்றிச் சுற்றி ஓடியது. ஜெசி நின்றாள். வசனத்தை மறந்த காகம் அழத் தொடங்கி, பிடிமானத்துக்கு மரத்தின் ஓலையைப் பிடித்து இழுத்தது. எனக்குப் பக்கத்தில் ரஞ்சினி தன் கையை என் கைக்குள் வைத்து இறுக்கினாள். பனைமரம் தலையைக் கொஞ்சம் சரித்தது. காகத்தின் காதுக்குள் ஏதோ சொன்னது. காகம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "கா, கா" என்று பாடத் தொடங்கியது. வடை விழுந்தது. நரி தூக்கிக்கொண்டு ஓடியது. கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது.

ஜெராட் விசிலடித்தான். டொக்டரின் சிரிப்பு ஒலிபெருக்கியையும் மிஞ்சியது.

யூஜினி ரீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கும்பிட வைத்தாள். அதற்கும் மரம் அசையவில்லை. ரீச்சர் குனிந்து, "முடிஞ்சுது பிள்ளை, இனி நீ ஆடலாம்" என்றாள்.

"மெய்யா?"

"மெய்."

ஜெசி மேடையிலிருந்து மணலில் குதித்தாள். தலையில் ஓலை பறக்க, அந்த வளவைச் சுற்றி ஓடினாள். காகமும் நரியும் அவளுக்குப் பின்னால் ஓடினார்கள். பிறகு பந்தலில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் எழும்பி ஓடினார்கள். ஒரு தாயும் தன் பிள்ளையைத் திருப்பிக் கூப்பிடவில்லை.